போஸ்ட்கிரெஸ் 12இலிருந்து 17: தரவு வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை

அம்பத்தூர்_நிர்வாகி · ஆயுத பூஜை, இரவு 11:40

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். சரக்கிருப்பு, எடைமேடை, கேட் பாஸ், சம்பளம் ஆகிய நான்கும் ஒரே லினக்ஸ் சர்வரில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 12ஆம் பதிப்பில் இருக்கின்றன. 12ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன். இயந்திரங்கள் எல்லாம் நிற்கும் ஆயுத பூஜையையும் மறுநாள் விஜயதசமியையும் 17ஆம் பதிப்புக்கு மாறுவதற்கான நாட்களாக நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினேன். அதற்கடுத்த நாள் காலை 6 மணி ஷிப்டுக்கு எல்லாம் ஓடியாக வேண்டும்.

மாலையில் பூஜை முடிந்து, சர்வர் கேபினெட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த பிறகு வேலையைத் தொடங்கினேன். முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தும் ஆயிற்று. ஆனால் பழைய பதிப்பின் தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பிஜி_அப்கிரேட் கட்டளையைச் சோதனை முறையில் ஓட்டினால், பழைய சர்வரைக் கிளப்பிய உடனேயே “நோ பாஸ்வேர்ட் சப்ளைட்” (கடவுச்சொல் தரப்படவில்லை) என்று சொல்லி நின்றுவிடுகிறது.

யார், எங்கிருந்து, எந்தச் சரிபார்ப்பு முறையில் நுழையலாம் என்று சொல்லும் எங்கள் பிஜி_எச்பிஏ கோப்பில், உள்ளூர் இணைப்பு உட்பட எல்லா வரிகளிலும் எம்டி5 என்ற பழைய கடவுச்சொல் முறைதான் இருக்கிறது. எனக்கு முன்பு இருந்தவர் அப்படி வைத்தார். காரணம் ஏதேனும் இருக்கும் என்று நானும் தொடவில்லை. போஸ்ட்கிரெஸ் பயனரின் ஹோம் அடைவில், கடவுச்சொற்களைத் தானாக எடுத்துக்கொடுக்கும் பிஜிபாஸ் கோப்பு இருக்கிறது. அதில் ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி), போர்ட் 5432, பயனர், கடவுச்சொல் எல்லாம் சரியாக உள்ளன. கோப்பின் அனுமதியும் 0600தான் (உரிமையாளருக்கு மட்டும்). தினமும் இரவு பேக்கப் இதே கோப்பை வைத்துத்தான் ஓடுகிறது. அப்படியிருக்க, மேம்படுத்தலின்போது மட்டும் ஏன் கடவுச்சொல் கிடைக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

தரமணி_தரவு · நள்ளிரவு 12:15

உங்கள் கடவுச்சொல்லில் பிழை இல்லை. அந்தக் கடவுச்சொல் எந்த வாசலுக்கு உரியது என்று பிஜிபாஸில் எழுதியிருக்கிறீர்களோ, அந்த வாசல் வழியாக பிஜி_அப்கிரேட் போவதில்லை, அவ்வளவுதான்.

மேம்படுத்தல் நடக்கும்போது பயனர்கள் தற்செயலாக உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக, பிஜி_அப்கிரேட் பழைய சர்வரையும் புதிய சர்வரையும் வழக்கமான 5432இல் கிளப்பாமல், தானே தேர்ந்தெடுத்த 50432 என்ற போர்ட்டில் கிளப்புகிறது. லினக்ஸில் நெட்வொர்க் வழி இணைப்பை முழுவதும் அடைத்துவிட்டு, அதே கணினிக்குள்ளிருந்து மட்டும் இணைய உதவும் யூனிக்ஸ் சாக்கெட்டை மட்டும், அதையும் வழக்கமான இடத்தில் வைக்காமல், நீங்கள் கட்டளையை ஓட்டும் அடைவிலேயே வைக்கிறது. பிஜிபாஸ் கோப்பின் வரி பொருந்த வேண்டுமானால் ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளம், பயனர் ஆகிய நான்கும் பொருந்தியாக வேண்டும். உங்கள் வரியில் போர்ட் 5432, ஆகவே பொருந்தாது. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பதும் வழக்கமான சாக்கெட் அடைவுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே போர்ட்டைத் திருத்தினாலும் நின்றுபோவீர்கள். ஹோஸ்டுக்கும் போர்ட்டுக்கும் நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

கடவுச்சொல்லில் முக்காற்புள்ளியோ பின்சாய்வுக் கோடோ இருந்தால், அதற்கு முன்னால் இன்னொரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முக்காற்புள்ளிதான் அந்தக் கோப்பில் ஒரு புலத்தையும் அடுத்ததையும் பிரிக்கும் குறி.

வேளச்சேரி_டெவ் · 12:31

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை, அண்ணா. பிஜி_எச்பிஏ கோப்பில் எல்லா வரிகளையும் ட்ரஸ்ட் (கடவுச்சொல் கேட்க வேண்டாம்) என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள். முடிந்த பிறகு திரும்ப மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

நந்தனம்_டிபிஏ · 12:58

இந்த அறிவுரையை நான் உறுதியாக மறுக்கிறேன். மேம்படுத்தல் ஓடும் நேரத்தில் வெளியாட்கள் வர வழியில்லை என்பது உண்மைதான். தரமணி நண்பர் சொன்னபடி, லினக்ஸில் அந்த நேரத்தில் திறந்திருப்பது ஒரே ஒரு சாக்கெட், அதன் அனுமதியும் 0700, அதாவது உரிமையாளருக்கு மட்டும். ஆபத்து மேம்படுத்தலுக்குப் பிறகுதான் வருகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டதைப் பார்த்து நிம்மதியடையும் மனிதர், மாற்றிய வரியைத் திரும்ப மாற்ற மறந்துவிடுவார். நெட்வொர்க் வரியிலும் ட்ரஸ்ட் என்று இருந்தால், பயனர் பெயர் தெரிந்த எவரும் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வந்துவிடலாம். இப்படி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திறந்துகிடந்த ஒரு சம்பளத் தரவுத்தளத்தை நானே தணிக்கையின்போது பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். தூக்கமில்லாமல் வேலை செய்தவர்கள்.

சரியான வழி எளிது. உள்ளூர் சாக்கெட் வரியில் மட்டும், போஸ்ட்கிரெஸ் பயனருக்கு மட்டும், பியர் என்று வையுங்கள். இயங்குதளத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற பயனராக இருப்பவர் தரவுத்தளத்திலும் அதே பெயரில் நுழையலாம் என்பதே அதன் பொருள்; கடவுச்சொல் எங்கும் எழுதப்படாது. அதிகாரபூர்வ ஆவணமும் பியர் அல்லது பிஜிபாஸ் என்ற இரண்டையே சொல்கிறது. இந்த வரியைப் பிறகு நீக்க மறந்தாலும் கேடு இல்லை. பழைய கிளஸ்டர் (ஒரு சர்வரின் தரவுத்தளத் தொகுப்பு), புதிய கிளஸ்டர் இரண்டின் கோப்பிலும் இதைச் செய்ய வேண்டும். அந்தக் கோப்பில் முதலில் பொருந்தும் வரியே இறுதியானது, அது மறுத்தால் அடுத்த வரிக்குப் போகாது என்பதால், இதை மேலே வையுங்கள்.

விண்டோஸில் பியர் கிடையாது. அங்கே பிஜிபாஸ்தான்.

அம்பத்தூர்_நிர்வாகி · விஜயதசமி, அதிகாலை 2:20

மேடம், மிக்க நன்றி. இரண்டு கோப்புகளிலும் பியர் வரியை முதலில் வைத்தேன். சோதனை ஓட்டமும் முடிந்தது, உண்மையான மேம்படுத்தலும் முடிந்தது. அட்டவணைகளை எண்ணிப் பார்த்தேன், வரிசைகளை ஒப்பிட்டேன், எல்லாம் வந்திருக்கின்றன.

ஆனால் இப்போது எந்தப் பயன்பாடும் இணையவில்லை. சரக்கிருப்பு, கேட் பாஸ், சம்பளம் மூன்றுமே கடவுச்சொல் தவறு என்கின்றன. கடவுச்சொல்லை நான் தொடவே இல்லை. பயன்பாடுகளின் அமைப்புக் கோப்புகளையும் தொடவில்லை. புதிய கிளஸ்டரை உருவாக்கியபோது பாதுகாப்புக்காக ஸ்கிராம் என்ற புதிய கடவுச்சொல் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதனால்தானா? மேம்படுத்தலில் கடவுச்சொற்கள் அழிந்துபோயினவா என்று பயமாக இருக்கிறது.

நந்தனம்_டிபிஏ · 2:47

எதுவும் அழியவில்லை, பயப்பட வேண்டாம். பயன்பாட்டுக்குத் தெரியும் செய்தியை மட்டும் பார்க்காமல் சர்வரின் லாகை (நிகழ்வுப் பதிவேட்டை) திறந்து பாருங்கள். வெளியே இருப்பவருக்குத் துப்பு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கிளையன்டுக்கு “கடவுச்சொல் சரிபார்ப்பு தோல்வி” என்று மட்டும் சொல்லிவிட்டு, உண்மையான காரணத்தை லாகில் மட்டும் எழுதுவது போஸ்ட்கிரெஸின் வழக்கம். அந்தப் பயனருக்குச் செல்லத்தக்க ஸ்கிராம் ரகசியம் இல்லை என்ற விவரம் அங்கே இருக்கும்.

காரணம் இதுதான். தரவுத்தளம் உங்கள் கடவுச்சொல்லை வைத்திருப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷை வைத்திருக்கிறது. 12ஆம் பதிப்பின் இயல்புநிலையில் அது எம்டி5 ஹாஷ். கடவுச்சொல்லையும் பயனர் பெயரையும் சேர்த்து ஒரே முறை அரைத்து எடுத்த மாவு அது. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஸ்கிராம் முறையில் சால்ட் என்ற தற்செயல் மதிப்பைச் சேர்த்து, இயல்பாக 4096 சுற்றுகள் கணக்கிட்ட வேறொரு ரகசியம் வேண்டும். அதைக் கணக்கிடக் கடவுச்சொல்லே வேண்டும், சர்வரிடமோ ஹாஷ் மட்டுமே உள்ளது. ஆகவே மேம்படுத்தல் உங்கள் எம்டி5 ஹாஷ்களை உள்ளது உள்ளபடி புதிய பதிப்புக்கு எடுத்து வந்தது. பழைய பிஜி_எச்பிஏ கோப்பை அது எடுத்து வரவில்லை. எடுத்து வருவது அதன் வேலையும் அன்று. புதிய கோப்பில் ஸ்கிராம் மட்டுமே ஏற்கப்படும் என்று நீங்கள் எழுதிவிட்டதால், நேற்று வரை நல்ல சாவியாக இருந்த அனைத்தும் ஒரே நேரத்தில் செல்லாமல் போய்விட்டன.

இன்றிரவுக்குச் செய்ய வேண்டியது: புதிய கோப்பின் நெட்வொர்க் வரிகளில் ஸ்கிராம் என்பதை எம்டி5 என்று மாற்றி, அமைப்பை மறுபடியும் வாசிக்கச் செய்யுங்கள். சர்வரை நிறுத்தத் தேவையில்லை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 10ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சொல்லுக்கு, சேமிக்கப்பட்டிருப்பது எம்டி5 என்றால் எம்டி5, ஸ்கிராம் என்றால் ஸ்கிராம் என்பதே பொருள். இரண்டு வகைச் சாவிகளையும் அந்த ஒரே வரி ஏற்கும்.

தரமணி_தரவு · 2:55

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். யாருக்கு எந்த வகை இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். பிஜி_ஆத்ஐடி அட்டவணையில் ரோல்பாஸ்வேர்ட் என்ற பத்தியைப் பாருங்கள். எம்டி5 என்று தொடங்கினால் பழையது, ஸ்கிராம் என்று தொடங்கினால் புதியது. அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் இனி எதையும் மாற்றாதீர்கள்.

அம்பத்தூர்_நிர்வாகி · காலை 7:10

மூன்றும் இணைந்துவிட்டன. பட்டியலும் எடுத்தேன்: நுழையும் உரிமை உள்ள 14 பயனர்கள், எல்லாருமே எம்டி5. இவ்வளவு பேர் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆனால் வீட்டுக்குக் கிளம்பும் முன், விடுமுறைதானே என்று சம்பளப் பயனருக்கும் எடைமேடைப் பயனருக்கும் புதிய கடவுச்சொல் வைத்தேன். சம்பளம் நன்றாக ஓடுகிறது. எடைமேடைக் கணினி மட்டும், சரிபார்ப்பு முறை 10 ஆதரிக்கப்படவில்லை என்கிறது. அது பழைய விண்டோஸ் கணினி; பயன்பாட்டைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவரை யார், எப்போது நிறுவினார்கள் என்று தெரியவில்லை. நாளைக் காலை முதல் லாரி எடைமேடைக்கு வரும் முன் இது சரியாக வேண்டும்.

தரமணி_தரவு · 7:35

14ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், புதிதாக வைக்கும் கடவுச்சொல் இயல்பாகவே ஸ்கிராமாகச் சேமிக்கப்படுகிறது. நீங்கள் கேட்காமலே எடைமேடைப் பயனர் அந்தப் பக்கம் போய்விட்டார். ஆனால் அந்தக் கணினியில் உள்ள டிரைவர் 10ஆம் பதிப்புக்கு முந்தைய லிப்பிக்யூ என்ற போஸ்ட்கிரெஸ் இணைப்பு நூலகத்தோடு வந்தது. ஸ்கிராம் என்ற பேச்சே அதற்குத் தெரியாது. செய்தியில் வரும் 10 என்பது பதிப்பு எண் அன்று, சர்வர் கேட்கும் சரிபார்ப்பு வகையின் எண்.

டிரைவரைப் புதுப்பிப்பதே தீர்வு. விற்றவர் வரும் வரை தற்காலிகமாக ஒரு வழி உண்டு: உங்கள் அமர்வில் மட்டும், கடவுச்சொல் எந்த வகையில் சேமிக்கப்படும் என்று சொல்லும் பாஸ்வேர்ட்_என்கிரிப்ஷன் மதிப்பை எம்டி5 என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரு பயனருக்குக் கடவுச்சொல்லை மறுபடியும் வையுங்கள். பொது அமைப்பை மாற்றிவிடாதீர்கள். பிஜி_எச்பிஏயிலும் அந்தப் பயனருக்கு, அந்தக் கணினியின் ஐபி முகவரியிலிருந்து மட்டும் என்று தனி வரி எழுதுங்கள்.

பெருங்குடி_கன்டெய்னர் · 9:05

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும் என்பதால் எழுதுகிறேன். நாங்கள் 13இலிருந்து 17க்குப் போனபோது, தரவு வைக்கப் புதிய வால்யூம் உருவாக்கி, கன்டெய்னரைக் கிளப்பும்போது கொடுக்கும் சூழல் மாறியில் புதிய கடவுச்சொல் கொடுத்து, பழைய சர்வரிலிருந்து எடுத்த முழு டம்பை (தரவு நகலை) உள்ளே ஏற்றினோம். ஏற்றும் வரை நுழைய முடிந்தது. ஏற்றிய பிறகு நிர்வாகப் பயனராலேயே வெளியிலிருந்து நுழைய முடியவில்லை. பயனர்களின் ஹாஷ்களும் அந்த டம்பில் இருக்கின்றன என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. நாங்கள் வைத்த புதிய கடவுச்சொல்லின் மேல் பழைய எம்டி5 ஹாஷ் வந்து உட்கார்ந்துகொண்டது.

சூழல் மாறியை மாற்றி மாற்றிக் கன்டெய்னரை மறுபடியும் கிளப்பி ஒரு மணி நேரம் வீணாயிற்று. தரவு அடைவு காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே அந்த மாறி பார்க்கப்படும். பிறகு அதை எப்படி மாற்றினாலும் பயன் இல்லை. கடைசியில் கன்டெய்னருக்குள் நுழைந்து, அங்கே உள்ளூர் இணைப்புக்குக் கடவுச்சொல் கேட்கப்படாததால், உள்ளிருந்தே மாற்றினோம்.

குரோம்பேட்டை_மைஎஸ்கியூஎல் · 10:20

போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு மட்டும் உரிய துன்பம் இல்லை இது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் 8.0இலிருந்து 8.4க்குப் போகும் பலரும் இதே சுவரில் மோதுவார்கள். 8.0க்கான ஆதரவின் கடைசி மாதம் 2026 ஏப்ரல் என்பதால் பலர் இதைச் செய்தாக வேண்டும்.

8.0 வந்தபோதே, 2018இல், புதிய கணக்குகளுக்கான இயல்புமுறை கேச்சிங்_ஷா2 என்ற புதிய கடவுச்சொல் முறை ஆயிற்று. பழைய பிஎச்பி பயன்பாடுகள் தடுமாறியதால் நாங்கள் எல்லாரும் அமைப்புக் கோப்பில் டீஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளகின் என்ற வரியைச் சேர்த்து, பழைய நேட்டிவ் முறையிலேயே இருந்துவிட்டோம். 8.4இல் அந்த வரியே நீக்கப்பட்டுவிட்டது. அது கோப்பில் இருந்தால் சர்வர் கிளம்பவே மறுக்கும். அதை நீக்கிக் கிளப்பினால், நேட்டிவ் முறை இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதால் பழைய கணக்குகள் எதுவும் நுழைய முடியாது. ரூட் கணக்கும் நேட்டிவ் முறையில் இருந்தால் சரிசெய்யப் போகிறவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். 8.4இல் நேட்டிவ் முறையைத் தற்காலிகமாகத் திறந்துவிட ஒரு வரி உண்டு, 9.0இல் அதுவும் இல்லை, முறையையே எடுத்துவிட்டார்கள். மைஎஸ்கியூஎல்.யூசர் அட்டவணையில் பிளகின் என்ற பத்தியை, 8.0இல் இருக்கும்போதே பாருங்கள்.

இன்னொன்று: உபுண்டு லினக்ஸின் மைஎஸ்கியூஎல் பொதிகளில் டெபியன்-சிஸ்-மெயின்ட் என்று ஒரு கணக்கு இருக்கும். அதன் கடவுச்சொல் டெபியன்.சிஎன்எஃப் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். வேறொரு சர்வரின் முழு டம்பை, பயனர் அட்டவணைகளோடு சேர்த்து ஏற்றினால், கோப்பில் ஒரு கடவுச்சொல்லும் தரவுத்தளத்தில் வேறொன்றுமாக ஆகிவிடும். அன்று ஒன்றும் தெரியாது. பல மாதங்கள் கழித்துப் பொதியை மேம்படுத்தும்போது அனுமதி மறுக்கப்பட்டது என்று நிற்கும்.

பாரிமுனை_ஆரக்கிள் · 11:02

ஆரக்கிள் தரவுத்தளத்திலும் இது உண்டு. 12.2இல் சர்வர் ஏற்கும் நுழைவுப் பதிப்பின் இயல்பு மதிப்பு 11இலிருந்து 12ஆக உயர்ந்தது. 10ஜி வகை ஹாஷ் மட்டும் வைத்திருந்த பழைய கணக்குகளுக்கு, சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் ஓஆர்ஏ-01017 (பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு) என்பதுதான் பதில். டிபிஏ_யூசர்ஸ் காட்சியில் பாஸ்வேர்ட்_வெர்ஷன்ஸ் பத்தியை முன்கூட்டியே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேளச்சேரி_டெவ் · பிற்பகல் 12:40

நேற்று நான் சொன்ன வழியை மேடம் மறுத்த பிறகு எங்கள் சர்வர்களைப் பார்த்தேன். ஒன்றில் ட்ரஸ்ட் வரி அப்படியே இருந்தது. உடனே மாற்றிவிட்டேன். நன்றி, மேடம்.

ஒரு கேள்வி இருக்கிறது. 14 பயனர்களுக்கும் புதிய கடவுச்சொல் வைத்தால், அத்தனை பயன்பாடுகளின் அமைப்புக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமே? எங்களிடம் 40க்கு மேல் சேவைகள் ஓடுகின்றன. எல்லாவற்றையும் நிறுத்தாமல் இதை எப்படிச் செய்வது?

நந்தனம்_டிபிஏ · 1:25

பார்த்துத் திருத்தியதற்கு என் மனமார்ந்த நன்றி, தம்பி.

உங்கள் கேள்விதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதே இல்லை. அதே கடவுச்சொல்லை மறுபடியும் ஒரு முறை வைத்தால் போதும். பாஸ்வேர்ட்_என்கிரிப்ஷன் ஸ்கிராம் என்று இருக்கும்போது வைத்தால், அதே கடவுச்சொல் ஸ்கிராம் ரகசியமாகச் சேமிக்கப்படும். பயன்பாட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்தும் மாறாது. இதற்கு நிர்வாகிக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். அது எப்படியும் பயன்பாட்டின் கோப்பிலேயே இருக்கிறது. வைக்கும்போது ஆல்டர் ரோல் கட்டளையில் வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்யாமல், பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவியின் பாஸ்வேர்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது கிளையன்ட் பக்கத்திலேயே கணக்கிட்டு அனுப்புவதால் கடவுச்சொல் சர்வர் லாகில் பதிவாகாது.

இதைவிட முக்கியமானது, இதை மேம்படுத்தல் இரவில் செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை என்பது. ஸ்கிராம் 2017இல் 10ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. அம்பத்தூர் நண்பரின் 12ஆம் பதிப்பிலேயே, ஒரு மாதத்துக்கு முன்பே, பிஜி_எச்பிஏயில் எம்டி5 வரியை அப்படியே விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு பயனராக மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். எடைமேடைக் கணினி அப்போதே, வேலை நாளில், எல்லாரும் இருக்கும் நேரத்தில் பிரச்சினையைக் காட்டியிருக்கும். அந்த ஒரு பயனரைத் திருப்பி மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. மேம்படுத்தல் இரவுக்குத் தரவை நகர்த்தும் வேலை ஒன்று மட்டுமே மிஞ்சியிருக்கும். நண்பரை நான் குறை சொல்லவில்லை. பேக்கப்பை ஏற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்கிய அளவுக்குப் பொறுப்புள்ளவர். ஆனால் நாம் எல்லாரும் தரவுக்குத்தான் ஒத்திகை பார்க்கிறோம், நுழைவுக்குப் பார்ப்பதில்லை. ஒத்திகைச் சர்வரில் நிர்வாகியாக நுழைந்து அட்டவணைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பயன்பாட்டையும் அதன் சொந்தக் கணினியிலிருந்து ஒரு முறையாவது இணைத்துப் பார்க்க வேண்டும்.

பயன்பாடுகளுக்கும் சர்வருக்கும் இடையே இணைப்புகளைப் பகிர்ந்துகொடுக்கும் பிஜிபவுன்சர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: அதன் யூசர்லிஸ்ட் கோப்பில் எம்டி5 ஹாஷ் மட்டும் இருந்தால், அதை வைத்து ஸ்கிராம் கேட்கும் சர்வருக்குள் நுழைய முடியாது.

திருவான்மியூர்_எழுத்துரு · 3:10

பொருளிலிருந்து விலகாத ஒரு செய்தி. எங்கள் அலுவலகத்தில் இருவர் தமிழிலேயே கடவுச்சொல் வைத்திருந்தார்கள். ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகள் வேறு. எம்டி5 முறை பைட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்வதால், ஒரு விசைப்பலகையில் நுழைந்தவர் வேறொரு விசைப்பலகையில் நுழைய முடியாமல் போவார். போஸ்ட்கிரெஸின் ஸ்கிராம், கடவுச்சொல்லை முதலில் சீராக்கிவிட்டுக் கணக்கிடுகிறது. ஆகவே இரண்டு வடிவங்களும் ஒன்றாகிவிடும். எங்களுக்கு ஸ்கிராமுக்கு மாறியதில் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்.

அம்பத்தூர்_நிர்வாகி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை

விஜயதசமிக்கு மறுநாள் காலை 5:50க்கு முதல் லாரி எடை போடப்பட்டது. ஷிப்டு நேரத்துக்குத் தொடங்கியது. இந்த இழையில் இரவு முழுக்க விழித்திருந்து எழுதியவர்களை நான் மறக்க மாட்டேன்.

அதன் பிறகு லாகில் இணைப்புப் பதிவுகளை இயக்கி, 14 பயனர்களில் உண்மையில் யார், எந்தக் கணினியிலிருந்து வருகிறார்கள் என்று கவனித்தேன். மாதக் கடைசிச் சம்பள ஓட்டம் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதால் நால்வர் விஷயத்தில் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர்களில் இருவர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில் இருக்கிறார்கள். அன்றே மாறிவிட்ட சம்பளப் பயனர் போக, எட்டுப் பேரை, அதே கடவுச்சொல்லை மறுபடியும் வைத்து, நாளுக்கு ஒருவராக ஸ்கிராமுக்கு மாற்றினேன். எந்தப் பயன்பாடும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் வெளியான 18ஆம் பதிப்பு, எம்டி5 கடவுச்சொல் வைத்தால் எச்சரிக்கை தருகிறது, அந்த முறை பின்னர் நீக்கப்படும் என்றும் அறிவித்திருக்கிறது. அடுத்த மேம்படுத்தலுக்கு முன் இந்தப் பட்டியலில் எம்டி5 ஒன்றும் இருக்காது.

எடைமேடைப் பயனர் மட்டும் தனி வரியில், எம்டி5இலேயே இருக்கிறார். மென்பொருளை விற்றவரிடம் புதிய டிரைவர் கேட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரிக்கு மேலே, அது எதற்காக, எந்தத் தேதியில், யாரால் சேர்க்கப்பட்டது, எப்போது நீக்கப்பட வேண்டும் என்று குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் அப்படி எழுதாமல் விட்டதால்தான் அன்றிரவு பாதி நேரம் போயிற்று.